உங்கள் நோய் விவரம் மருத்துவ ஆய்விதழில் வெளியாகும் முன் அறிய வேண்டியவை

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர் பகுதித் தொழிற்சாலைகளில் பிரஸ் இயந்திரத்தில் கை நசுங்கி அறுவை சிகிச்சை பெறுபவரிடம், சில வேளைகளில் இரண்டாவது படிவம் ஒன்றிலும் கையொப்பம் கேட்கப்படும். அது சிகிச்சைக்கான ஒப்புதல் அன்று. உங்கள் காயம், சிகிச்சை, குணமடைந்த விதம் ஆகியவற்றை மருத்துவ ஆய்விதழில் கட்டுரையாக வெளியிடுவதற்கான ஒப்புதல். இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். இரண்டாவதை மறுத்தாலும் முதலாவதில் எந்தக் குறைவும் வரக்கூடாது.

ஏன் எழுதுகிறார்கள்?

ஒரு மருத்துவமனையில் கற்றது மற்ற மருத்துவர்களுக்குச் சென்றுசேர இதுவே வழி. இதற்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில், ஒரு பகுதி நோயாளிகளுக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகள் கொடுக்கப்பட்டன. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலனைத் தருகிறது என்ற முடிவு 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயிற்று. காசநோயாளியை வீட்டிலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் உலகெங்கும் பரவியதில் அக்கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. மருத்துவர்களின் பட்ட மேற்படிப்புக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகள் கணக்கில் கொள்ளப்படுகின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நீங்கள் அதனை அறிந்தே முடிவெடுக்கலாம்.

கட்டுரை செல்லும் வழி

மருத்துவர் உங்கள் நோய்க் குறிப்பேடு, எக்ஸ்ரே, பரிசோதனை முடிவுகள், புகைப்படங்கள் ஆகியவற்றைக் கொண்டு கட்டுரையை எழுதுவார். பல நோயாளிகளை உள்ளடக்கிய ஆய்வு எனில், அது தொடங்கும் முன்பே மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்பட வேண்டும். கட்டுரை இணையவழி ஆய்விதழுக்கு அனுப்பப்படும். பதிப்பாசிரியர் அதே துறை வல்லுநர்களிடம் மதிப்பாய்வுக்குக் கொடுப்பார். திருத்தம் கேட்கப்படலாம், நிராகரிக்கவும் படலாம். இதற்குப் பல மாதங்கள் ஆவது இயல்பே. வெளியான பின் அதனை உலகின் எம்மூலையிலிருந்தும் படிக்க இயலும். எனவே வெளியாகும் வரை ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். அதன் பின் கட்டுரையை முழுமையாக அகற்றுவது நடைமுறையில் இயலாத ஒன்று.

பெயரை நீக்கினால் போதுமா?

போதாது. நம் பகுதியில் இது மிகவும் கவனிக்கத்தக்கது. "ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் இருந்த 26 வயது ஒடிசா இளைஞர், வலது கையில் இரு விரல்களை இழந்தார்" என்று எழுதினால், பெயர் இல்லாவிட்டாலும் அந்த லைனில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் அவர் யாரெனத் தெரியும். விடுதி அறையில் உடன் தங்கியோர், ஒப்பந்ததாரர், மேற்பார்வையாளர், ஊரில் பெண் பார்க்கும் வீட்டார் என எவரும் அதனைப் படிக்கக்கூடும். வயதைத் தோராயமாகக் குறிப்பிடுவது, ஊர், நிறுவனம், நாள் ஆகியவற்றை விடுவது போன்றவை எளிய பாதுகாப்புகள். ஆனால் மருத்துவ உண்மையை மாற்றி எழுதுவது தவறு.

முகப் புகைப்படத்தில் கண்களின் மேல் கறுப்புப் பட்டை இடுவது போதுமான மறைப்பு அன்று என மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு தெளிவாகக் கூறியுள்ளது. பச்சை குத்தல், தழும்பு, எக்ஸ்ரே தட்டின் மூலையில் அச்சான பெயர் ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். நோயாளியை அடையாளம் காணக்கூடிய புகைப்படத்தையோ நோய் விவரத்தையோ அனுமதியின்றி வெளியிடுவதை இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன.

கையொப்பமிடும் முன்

படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும். ஒடியாவோ இந்தியோ வங்காளமோ பேசுபவரிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ விளக்கிப் பெறும் கையொப்பத்துக்குப் பொருளில்லை. எழுத்தறியாதவர் கைநாட்டு வைக்கும்போது, சிகிச்சைக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் உடன் இருப்பது முறை. குழந்தைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரும், இறந்தவருக்கு நெருங்கிய உறவினரும் ஒப்புதல் தருவர். வலியிலும் மயக்க மருந்தின் தாக்கத்திலும் இருக்கும் நோயாளியிடம் கையொப்பம் வாங்க வேண்டாம் என உடனிருப்போர் தயங்காமல் சொல்லலாம். கட்டுரைக்கு அத்தகைய அவசரம் எதுவும் இல்லை.

"என்ன எழுதப்போகிறீர்கள்? எந்தப் படங்கள் இடம்பெறும்? அனுப்பும் முன் எனக்குப் படித்துக் காட்டுவீர்களா?" என்று கேளுங்கள். கேட்பது அவமதிப்பு ஆகாது. 2013-இல் வெளியான 'கேர்' வழிகாட்டுதல்கள், நோயாளி தம் அனுபவத்தைத் தாமே கூறும் பகுதியும் இடம்பெறலாம் என்கின்றன. மருந்தின் பெயரைவிட, விரல் இல்லாமல் மீண்டும் ஸ்பேனர் பிடிக்கப் பழகியதைப் பற்றிய உங்கள் நான்கு வரிகள் வேறொரு மருத்துவருக்கு உதவக்கூடும்.

கட்டுரைக்காக உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. சில ஆய்விதழ்கள் வெளியீட்டுக் கட்டணம் வசூலிக்கின்றன. அது எழுதுபவரின் பொறுப்பு. வெளியானதற்காக நோயாளிக்குப் பணம் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். விபத்து இழப்பீட்டு வழக்கு நடைபெற்றுக்கொண்டிருந்தால், ஒப்புதல் தருவதற்கு முன் உங்கள் வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்திடமோ கலந்து பேசுங்கள். கையொப்பமிட்ட படிவத்தின் நகலைக் கேட்டுப் பெற்று, டிஸ்சார்ஜ் சீட்டுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.