துப்பாக்கி இல்லாமல் வாத்து வேட்டை
ஞாயிற்றுக்கிழமை கழிக்கரைக்குப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மும்பையைச் சுற்றியுள்ள கழிகளிலும் ஏரிகளிலும் புது விருந்தாளிகள் வந்து இறங்குகிறார்கள். சைபீரியாவில் இருந்தும் மத்திய ஆசியாவில் இருந்தும் மலை தாண்டிப் பறந்து வரும் காட்டு வாத்துகள்தான் அவை. ரிசர்வேஷன் கிடையாது, டிக்கெட் பரிசோதகர் தொல்லையும் கிடையாது. பங்குனி வாக்கில் வந்த வழியே திரும்பிவிடும்.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இந்தப் பறவைகள் மீது தனிப் பாசம் ஏற்பட்டால் அதில் வியப்பில்லை. ஆனால் வாத்தைக் கண்டதும் குழம்புச் சட்டி நினைவுக்கு வருகிறவர்களும் உண்டு. "ஒரு ஏர்கன் வாங்கினால் என்ன? ராத்திரியில் வலை விரித்தால் என்ன?" என்று கேட்கும் இளைஞர்கள் எல்லாப் பேட்டையிலும் இருக்கிறார்கள்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இரண்டு. துப்பாக்கியும் வலையும் ஜெயிலில் கொண்டுபோய் விடும் என்பது ஒன்று. வேட்டையில் உள்ள ருசியான பகுதி முழுவதையும் துப்பாக்கி இல்லாமலே அனுபவிக்கலாம் என்பது மற்றொன்று.

ஒரே நாளில் 4,273

மும்பையில் இருந்து கோட்டா வழியாக டெல்லி போகும் பாதையில் பரத்பூர் சந்திப்பு வரும். அந்த ஊர்ச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் மகாராஜாவின் வாத்து வேட்டைக் களம். வைஸ்ராய்களும் ராஜாக்களும் துப்பாக்கியோடு வந்து இறங்குவார்கள். யார் வந்தார்கள், எத்தனை பறவை விழுந்தது என்ற கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கேவலாதேவ் என்ற சிவன் கோவில் அருகே அந்தக் கல்லை இன்றும் பார்க்கலாம்.

அதில் உச்சக் கணக்கு 1938-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதிக்கு உரியது. வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கோஷ்டி அன்று ஒரே நாளில் சுட்டுத் தள்ளிய பறவைகள் 4,273!

சுதந்திரத்துக்குப் பிறகும் வேட்டை உடனே நிற்கவில்லை. கடைசிப் பெரிய வேட்டை 1964-ல் நடந்தது. 1982-ல் அந்த இடம் தேசியப் பூங்கா ஆயிற்று. 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் அங்கே குளிர்காலத்துக்கு வந்து கொண்டிருந்த சைபீரியக் கொக்குகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, 2002-ம் ஆண்டோடு வருவது நின்றுவிட்டது. வழியில் பல நாடுகளில் பட்ட அடி அது. போனது போனதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் சில வாத்துகளைச் சுட உரிமம் வாங்க இடம் இருந்தது. 1991-ல் செய்த திருத்தம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. அதன் பிறகு வேடிக்கைக்காகவோ கறிக்காகவோ காட்டு வாத்தைக் கொல்ல யாருக்கும் உரிமம் கிடையாது.

சாதாரணக் குற்றத்துக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. 2022-ம் ஆண்டுத் திருத்தம் அபராதத்தின் உச்ச அளவை ரூ.25 ஆயிரத்தில் இருந்து ரூ.1 லட்சமாக உயர்த்தியது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் தண்டனை இன்னும் கடுமை.

சுட்டவனுக்கு மட்டும்தான் தண்டனை என்று நினைத்துவிட வேண்டாம். வலையில் பிடித்த பறவையை விலை கொடுத்து வாங்குவதும், அதன் கறியை வைத்திருப்பதும் குற்றம். "பத்து ரூபாய் குறைவாகக் கொடுக்கிறானே" என்று சாக்குப்பையில் இருந்து எடுத்துத் தரும் நீர்க்கோழியை வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேலையும் போய், ஊருக்கும் தலைகுனிவாகும். வாத்துக்கறி சாப்பிட ஆசை இருந்தால் பண்ணை வாத்து இருக்கவே இருக்கிறது.

ஏர்கன் பையன் பறவை மேதை ஆனார்

அன்றைய பம்பாயில் பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்த ஒரு சிறுவன் இருந்தான். மாமா பெரிய வேட்டைப் பிரியர். பையனும் ஏர்கன்னால் சிட்டுகளைச் சுடுவான். ஒரு நாள் சுட்ட சிட்டின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. "இது என்ன பறவை?" என்று கேட்டான். மாமாவுக்கும் தெரியவில்லை. ஒரு கடிதம் கொடுத்து பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார்.

அங்கே செயலாளராக இருந்த மில்லர்டு என்ற வெள்ளைக்காரர் பையனை விரட்டவில்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைப் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். பையனின் வாழ்க்கையே திசை திரும்பியது.

அவர்தான் சலீம் அலி. 1913-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். முறையான பட்டம் இல்லை என்று ஓர் அரசு வேலை கைநழுவிப் போனது. அதற்காக அவர் ஓய்ந்து உட்காரவில்லை. 1941-ல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் இன்றும் புதியவர்களுக்குக் கைவிளக்கு. பரத்பூர் சதுப்பு நிலத்தை வற்றடித்து வயலாக்கும் யோசனை வந்தபோது அதைக் காப்பாற்றப் பாடுபட்டவர்களில் அவர் முக்கியமானவர். 1976-ல் பத்மவிபூஷண் பெற்றார். 1987-ல் காலமானார். அவர் பிறந்த நாளும் நவம்பர் 12 என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கிலாந்திலும் இப்படி ஒருவர் உண்டு. பீட்டர் ஸ்காட் என்பவர் இளமையில் வாத்து வேட்டையில் மூழ்கிக் கிடந்தவர். பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, 1946-ல் ஸ்லிம்பிரிட்ஜ் என்ற இடத்தில் நீர்ப்பறவைகளுக்கான காப்பகத்தைத் தொடங்கினார். வாத்தை நன்றாகத் தெரிந்தவன் வேட்டைக்காரன். அந்தத் தெரிதலைத்தான் இருவரும் வைத்துக்கொண்டார்கள், தோட்டாவை விட்டுவிட்டார்கள்.

முதல் பாடம்: ஓதம்

வேட்டைக்காரன் முதலில் கற்றுக்கொள்வது சுடுவதற்கு அல்ல, நேரம் பார்ப்பதற்கு. கழியில் நேரம் என்றால் கடிகாரம் பார்த்தால் போதாது. ஓதம் தெரிய வேண்டும். மராத்தியில் நீர் ஏறுவதை பர்தி என்பார்கள். வற்றுவதை ஓஹோட்டி என்பார்கள். கோலி மீனவர்களுக்கு இது விரல் நுனியில் இருக்கும்.

வீட்டில் தேதி கிழிக்கும் காலண்டர் இருந்தால் போதும். அமாவாசை, பவுர்ணமி நாட்களில் மும்பையில் நண்பகலை ஒட்டி நீர் முழுதும் ஏறி நிற்கும். காலை 6 மணி, மாலை 6 மணி வாக்கில் வற்றிக் கிடக்கும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அஷ்டமியன்று கணக்கு தலைகீழ். காலையிலும் மாலையிலும் நீர் ஏறி, நண்பகலில் வற்றும்.

நீர் முழுக்க வற்றினால் பறவைகள் வெகு தூரத்தில் சேற்றில் மேயும். வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். முழுக்க ஏறிவிட்டால் பறந்துபோய் வேறு இடத்தில் ஒதுங்கும். நீர் பாதி ஏறிய நேரமே நல்ல நேரம். ஏறும் நீர் பறவைகளைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

ஆகவே காலையில் போகிறவர்கள் ஏகாதசியில் இருந்து அமாவாசை அல்லது பவுர்ணமிக்குள் வரும் ஞாயிறாகப் பார்த்துப் போகலாம். பிற்பகலில் போகிறவர்களுக்கு திருதியை முதல் சஷ்டி வரை உள்ள நாட்கள் தோது. இது உத்தேசக் கணக்கு. புறப்படும் முன் அன்றைய ஓத நேரத்தைச் சரிபார்த்துக் கொள்வது நல்லது.

இரண்டாம் பாடம்: வெயில், காற்று, உடம்பு

சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். எதிர் வெயிலில் எல்லா வாத்தும் கறுப்புதான்.

காற்றும் முதுகுப் பக்கம் இருந்தால் நல்லது. வாத்து எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் பின்னால் இருந்து வீசினால், இறங்கும் கூட்டம் உங்களை நோக்கியே வரும்.

வெள்ளைச் சட்டை, பளபளக்கும் சட்டை வேண்டாம். மண் நிறம், காக்கி, மங்கிய பச்சை போதும். ஒரு புதர் ஓரமாக உட்கார்ந்து அரை மணி நேரம் அசையாமல் இருங்கள். பறவை உங்களைப் பார்த்துப் பழகிவிடும். நடந்துகொண்டே இருப்பவனுக்கு வாத்தின் வால்தான் தெரியும்.

மூன்றாம் பாடம்: ஆளை அடையாளம் காண்பது

உரிமத்தோடு வாத்து சுட அனுமதிக்கும் நாடுகளிலும் எல்லா இனத்தையும் சுட்டுவிட முடியாது. விடியல் இருட்டில், பறக்கும் வேகத்தில், எது என்ன என்று சொல்லத் தெரிய வேண்டும். அங்கே தவறினால் ஓர் உயிர் போகும். நமக்கு அந்தக் கவலை இல்லை. தவறினால் நோட்டில் திருத்தி எழுதிக்கொள்ளலாம்.

வாத்துகளை முதலில் இரண்டாகப் பிரிக்கலாம். தலையை மட்டும் நீரில் கவிழ்த்து, வாலைத் தூக்கிக்கொண்டு மேய்பவை ஒரு வகை. இவை கிளம்பும்போது விசுக்கென்று மேலே எழும். முழுதாக மூழ்கி இரை தேடுபவை மற்றொரு வகை. இவை நீர் மேல் சிறிது தூரம் ஓடித்தான் கிளம்பும்.

புதியவர்கள் ஐந்தாறு பறவைகளோடு தொடங்கினால் போதும்.

ஊசிவால் வாத்து: நீண்டு கூரான வால். ஆணுக்குக் காப்பி நிறத் தலை. கழுத்தில் வெள்ளைக் கோடு.

தட்டைவாயன்: மண்வெட்டி போல் அகன்ற அலகு. ஆணுக்குப் பச்சைத் தலை, வெள்ளை மார்பு.

நீலச்சிறகி: உருவம் சிறியது. ஆணுக்குக் கண் மேல் பட்டையான வெள்ளைப் புருவம்.

புள்ளிமூக்கு வாத்து: இது நம் நாட்டிலேயே தங்குவது. கறுப்பு அலகின் நுனியில் மஞ்சள்.

சீழ்க்கைச் சிரவி: இதுவும் உள்ளூர்க்காரர். பறக்கும்போது விசில் அடிக்கும், மரத்திலும் உட்காரும்.

நாமக்கோழி: வாத்து போல் மிதக்கும்; ஆனால் வாத்து அல்ல. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம். பார்த்ததும் பெயர் நினைவுக்கு வந்துவிடும்.

பெண் வாத்துகள் பெரும்பாலும் ஒரே மாதிரி பழுப்பு நிறம். முதல் ஆண்டில் அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பக்கத்தில் நிற்கும் ஆணைப் பார்த்து ஊகித்தால் போதும்.

எங்கே போவது?

தாணே கழியின் மேற்குக் கரை கிழக்கு நோக்கியது. ஆகவே சிவ்ரிக்குப் பிற்பகலில் போவதே சரி. ஹார்பர் லைனில் சிவ்ரி ஸ்டேஷனில் இறங்கி, கிழக்கே ஜெட்டிப் பக்கம் நடக்கலாம். 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது பாலம் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

காலை வெளிச்சத்துக்கு எதிர்க்கரைதான் வசதி. ஐரோலியில் வனத்துறையின் மையம் இருக்கிறது. கட்டணம் கொடுத்தால், ஓதம் ஏறும் நேரம் பார்த்துப் படகில் அழைத்துச் செல்வார்கள். தாணே கழியில் சுமார் 1,690 ஹெக்டேர் பரப்பு 2015-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வாத்துகளுக்குத் துணையாக ஆயிரக்கணக்கான பூநாரைகளையும் அங்கே பார்க்கலாம். அவை மே மாதம் வரை தங்கும்.

நெரூல், சீவுட்ஸ் பக்கத்து ஏரிகளில், கழியில் நீர் நிறைந்த நேரத்தில் பூநாரைகள் வந்து ஒதுங்குகின்றன. கடல்நீர் வரும் வாய்க்கால் அடைபட்டால் அந்த ஏரி வற்றிப்போகும். ஒதுங்க இடம் இல்லாத பறவை எங்கே போகும்? 2024 மே மாதம் காட்கோபர் வானத்தில் விமானம் மோதி 30-க்கும் மேற்பட்ட பூநாரைகள் மடிந்ததை மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

சேற்றில் மட்டும் இறங்கவே கூடாது. மேலே காய்ந்த தரை போல் தெரியும். கால் வைத்தால் தொடை வரை இழுக்கும். ஓதமும் ஏறத் தொடங்கினால் ஆபத்து. தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது.

செலவு எவ்வளவு?

ரயில் டிக்கெட், ஒரு நோட்டு, ஒரு பென்சில், தண்ணீர் பாட்டில், தொப்பி. முதல் மாதத்துக்கு இவை போதும். ஆர்வம் நிலைத்த பிறகு பைனாகுலர் வாங்கலாம். அதில் 8x40 என்று எழுதியிருந்தால், 8 என்பது எத்தனை மடங்கு அருகில் காட்டும் என்ற கணக்கு. 40 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். புதியவர்களுக்கு 8 மடங்குதான் சரி. அதற்கு மேல் போனால் கை நடுங்கும், படமும் ஆடும்.

எண்ணிக்கைக்கு வேலை உண்டு

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987-ல் தொடங்கியது. குமாஸ்தா, மாணவர், ஆசிரியர் என்று சாதாரண மக்களே எண்ணித் தருகிறார்கள். ஓர் ஏரியை மண் கொட்டி மூடக்கூடாது என்று வாதாடும்போது, "இங்கே பறவை ஏது?" என்று கேட்பவர்களுக்கு அந்த எண்கள்தான் பதில். கலந்துகொள்ள விரும்புகிறவர்கள் கோட்டைப் பகுதியில் ஹார்ன்பில் ஹவுசில் உள்ள இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் விசாரிக்கலாம்.

திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. நாங்குநேரி அருகே கூந்தன்குளத்தில், இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளை ஊர் மக்களே காத்து வருகிறார்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்க்கும் ஊர் அது. சட்டம் வருவதற்கு முன்பே அங்கே கட்டுப்பாடு இருந்தது.

அந்த ஊர்க்காரர் யாராவது உங்கள் சாலில் இருந்தால், வரும் ஞாயிறு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். பழகிய கண் ஒன்று கூட இருந்தால் புதியவருக்கு எவ்வளவோ உதவி.