எல்லார்க்கும் உரிய வெளி

நுழையும்முன்

விடுமுறை நாளில் பூங்கா, குன்று, கடற்கரை எனக் குடும்பத்தோடு சென்றுவருவது எல்லா நாட்டு மக்களுக்கும் உள்ள வழக்கம். அந்தக் குன்று யாருடையது? அதில் நடக்கும் உரிமை எவ்வாறு கிடைத்தது? ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவைச் சுற்றியுள்ள இடங்களைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை கூறுகிறது இப்பாடம்.

பாறைமேல் எழுந்த நகரம்

பிரிட்டன் தீவின் கிழக்குக் கரையில், ஃபோர்த் ஆறு கடலோடு கலக்கும் அகன்ற கழிமுகத்தின் தென்கரையில் அமைந்தது எடின்பரோ. நகரின் நடுவே செங்குத்தான கரும்பாறை ஒன்று உயர்ந்து நிற்கிறது. அதன் உச்சியில் கோட்டை உள்ளது. அப்பாறை, பழங்கால எரிமலையின் குழாயில் உறைந்துபோன கற்குழம்பாகும். பனியூழிக் காலத்தில் மேற்கிலிருந்து நகர்ந்துவந்த பனியாறு சுற்றியிருந்த மென்பாறைகளை அரித்துச் சென்றது. கடினமான எரிமலைப் பாறையை அதனால் அசைக்க இயலவில்லை. பாறையின் பின்புறம் இருந்த நிலமும் அதன் மறைவில் தப்பியது. அதனால் கோட்டையின் கிழக்கே வால்போல் நீண்டு சரியும் மேட்டுநிலம் உருவாயிற்று. பழைய நகரின் முதன்மைத் தெரு அந்த மேட்டின்மீதே செல்கிறது.

நகரம் வடக்கே வெகுதொலைவில் இருப்பதால் பகலின் நீளம் பருவந்தோறும் பெரிதும் மாறுபடும். ஜூன் மாத இறுதியில் பகல் 17 மணி நேரத்திற்கும் மேல் நீடிக்கும். டிசம்பர் இறுதியில் 7 மணி நேரமே வெளிச்சம் இருக்கும். ஆகவே கோடைக்காலத்தில், பள்ளி முடிந்த பின்னும் மலையேறி இறங்கப் பொழுது கிடைக்கும்.

ஒரு மணிப் பீரங்கி

கோட்டையிலிருந்து நாள்தோறும் பகல் ஒரு மணிக்குப் பீரங்கி ஒன்று முழங்கும். ஞாயிற்றுக்கிழமை, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் ஆகிய நாள்களில் அது முழங்குவதில்லை. இவ்வழக்கம் 1861இல் தொடங்கியது. நடுக்கடலில் தாம் இருக்கும் இடத்தை அறிய அக்கால மாலுமிகளுக்குத் துல்லியமான கடிகாரம் தேவைப்பட்டது. அதனைத் திருத்திக்கொள்ள உதவும் பொருட்டு, கால்ட்டன் குன்றின் கோபுர உச்சியில் ஒரு பெரிய பந்து ஒரு மணிக்குக் கீழே இறக்கப்பட்டது. மூடுபனி நாள்களில் அப்பந்து கண்ணுக்குத் தெரியாது. எனவே காதுக்குக் கேட்கும் பீரங்கி சேர்க்கப்பட்டது.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் தொலைவே செல்லும். மூன்று கிலோமீட்டர் தொலைவில் நின்ற மாலுமி, பீரங்கி வெடித்து ஏறத்தாழ 9 நொடிகள் கழித்தே அதன் ஒலியைக் கேட்பார். அந்த வேறுபாட்டைக் கணக்கிட்ட பின்னரே கடிகாரத்தைத் திருத்த இயலும். கப்பல்களுக்கு இன்று அப்பீரங்கி தேவையில்லை. ஆயினும் அதனைக் காணக் குழந்தைகள் கூடுகின்றனர்.

உலகின் வயதைச் சொன்ன குன்று

கோட்டைக்குக் கிழக்கே, நடந்து செல்லும் தொலைவில் ஹோலிரூட் பூங்கா உள்ளது. அதன் நடுவே 251 மீட்டர் உயரமுள்ள குன்று ஒன்று எழுகிறது. அதன் பெயர் ஆர்தர்ஸ் சீட். ‘ஆர்தரின் இருக்கை’ என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகளுக்கு முன் கனன்று அடங்கிய எரிமலையின் எச்சம் அது. சிறுவரும் பெரியவரும் ஒருமணி நேரத்திற்குள் உச்சியை அடையலாம். அங்கிருந்து நகரம், கழிமுகம், தெற்கே மலைத்தொடர் ஆகிய அனைத்தும் ஒரே பார்வையில் தெரியும்.

அக்குன்றின் மேற்குப் பக்கத்தில் சாலிஸ்பரி பாறைகள் சுவர்போல் நிற்கின்றன. எடின்பரோவில் பிறந்த ஜேம்ஸ் ஹட்டன் (1726–1797) அப்பாறைகளைக் கூர்ந்து ஆராய்ந்தார். உலகின் வயது ஏறத்தாழ 6,000 ஆண்டுகளே என்று அக்கால ஐரோப்பியர் பலர் நம்பினர். எல்லாப் பாறைகளும் பழங்கடலில் படிந்து உண்டானவை என்று கூறிய அறிஞரும் இருந்தனர். ஹட்டன் கண்டது வேறு. கீழிருந்து பீறிட்ட கற்குழம்பு படிவுப்பாறை அடுக்குகளுக்கிடையே நுழைந்து, ஓரிடத்தில் அவ்வடுக்கைப் பெயர்த்துத் தூக்கியிருந்தது. ஆகவே கரும்பாறை பின்னர் வந்தது. படிவுப்பாறை முன்னரே இருந்தது. அப்படிவுகள் சிறிது சிறிதாகச் சேர எத்தனை காலம் ஆகியிருக்கும்? உலகின் வயது எண்ணிப்பார்க்க இயலாத அளவு மிகுதி என்னும் முடிவுக்கு அவர் வந்தார். தம் கொள்கையை 1785இல் எடின்பரோ அறிஞர் கழகத்தின் முன் வைத்தார். அவ்விடம் இன்று ‘ஹட்டன் வெட்டுமுகம்’ எனப் பெயர்பெற்றுள்ளது.

இப்பாறைகள் இன்று நிற்பதற்குக் குடிமக்களின் எதிர்ப்பும் ஒரு காரணம். அரசுக்குரிய அப்பூங்காவின் பரம்பரைக் காவலராக இருந்த ஹேடிங்டன் பிரபு, பாறையை உடைத்துத் தெருக்களுக்குப் பாவும் கற்களாக விற்று வந்தார். குன்றின் முகம் சிதைவதைக் கண்ட நகர மக்கள் மனம் கொதித்தனர். வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1831இல் பிரபுக்கள் அவை, கல்லுடைக்கும் உரிமை அவருக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. காவலராக இருப்பவர் பொருளுக்கு உடைமையாளர் ஆகிவிட முடியாது என்பதே அதன் சாரம்.

தோட்டமும் விலங்குகளும்

நகரின் வடபகுதியில் அரசு தாவரவியல் பூங்கா உள்ளது. 1670இல் மருந்துச் செடிகளுக்கான சிறு தோட்டமாகத் தொடங்கிய அது, 1820இல் இப்போதைய இடத்திற்கு மாற்றப்பட்டது. தோட்டத்தைக் காணக் கட்டணம் இல்லை. இப்பூங்காவுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு ஒன்று உண்டு. 1820இல் சென்னையில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்ற ஹியூ கிளெக்ஹார்ன், 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளரானார். இந்திய ஓவியர்களைக் கொண்டு அவர் வரைவித்த தாவர ஓவியங்கள் இப்பூங்காவில் பாதுகாக்கப்படுகின்றன.

மேற்கே உள்ள கார்ஸ்டர்ஃபின் குன்றின் சரிவில் 1913இல் விலங்குக்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தென்முனைக் கடற்பகுதியிலிருந்து திமிங்கில வேட்டைக் கப்பலில் அரசப் பெங்குயின்கள் அங்கு வந்துசேர்ந்தன. 1951இல் ஒரு நாள், பராமரிப்பாளர் கூண்டுக் கதவைச் சாத்த மறந்தார். பெங்குயின்கள் வரிசையாக அவர் பின்னே நடந்து வந்தன. கூடியிருந்தோர் மகிழ்ந்தனர். அதுவே ‘பெங்குயின் நடை’ என்னும் புகழ்பெற்ற காட்சியாயிற்று. நடக்க விரும்பிய பறவைகளே வெளியே வந்தன, எப்பறவையும் கட்டாயப்படுத்தப்படவில்லை.

வேலி தாண்டிய பேராசிரியர்

தொழில் வளர்ச்சி பெருகிய காலத்தில் நிலவுடைமையாளர் பலர் மக்கள் நடந்துவந்த பழைய வழிகளை அடைத்தனர். நகரைச் சுற்றியுள்ள பொதுவழிகளைக் காக்க 1845இல் எடின்பரோவில் ஒரு சங்கம் தோன்றியது.

1847இல் தாவரவியல் பூங்காவின் காப்பாளரும் பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஜான் ஹட்டன் பால்ஃபர், செடிகளை ஆராய மாணவரை அழைத்துக்கொண்டு வடக்கே உள்ள கிளென் டில்ட் பள்ளத்தாக்கின் வழியே சென்றார். அது காலங்காலமாக மக்கள் நடந்த வழி. ஏத்தோல் கோமகனின் ஆள்கள் அவர்களை மறித்துத் திரும்பிப் போகச் சொன்னார்கள். பேராசிரியரும் மாணவரும் மதிலேறிக் குதித்து வழியைத் தொடர்ந்தனர். சங்கம் நீதிமன்றம் சென்றது. அவ்வழி பொதுவழியே என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது.

இத்தகைய போராட்டங்களின் தொடர்ச்சியாக 2003இல் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. நிலம் தனியாருக்கு உரியதாயினும் மலை, காடு, புல்வெளி, ஏரி, ஆறு ஆகியவற்றில் நடக்கவும், மிதிவண்டி ஓட்டவும், படகு செலுத்தவும் எல்லார்க்கும் உரிமை உண்டு என்கிறது அச்சட்டம். வீட்டுத் தோட்டம், பயிர் வளரும் வயல் போன்றவற்றுக்கு இவ்வுரிமை பொருந்தாது. மோட்டார் வண்டி ஓட்டவும் வேட்டையாடவும் அச்சட்டம் இடம் தரவில்லை.

உரிமையோடு பொறுப்பு

உரிமையை வழங்கிய சட்டம் கடமையையும் சேர்த்தே வைத்தது. பிறர் நலனை மதித்தல், இயற்கையைப் பேணுதல், தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்றல் என்பவை அதன் மூன்று நெறிகள். நகரின் தென்மேற்கே உள்ள பென்ட்லண்ட் மலைகளில் இந்நெறிகளின் பயனைக் காணலாம். அங்குள்ள உயர்ந்த சிகரம் 579 மீட்டர். மலைச்சரிவுகள் ஆடு மேயும் பண்ணைகளாகவும் உள்ளன. நடப்போர் திறந்திருந்த வாயிலைத் திறந்தபடியும், மூடியிருந்த வாயிலை மூடியும் செல்ல வேண்டும். மூடிய வாயிலைத் திறந்து விட்டால் மந்தை சிதறும். திறந்த வாயிலை மூடி விட்டால் ஆடுகள் தண்ணீருக்குச் செல்ல வழியின்றித் தவிக்கலாம். குட்டி ஈனும் வசந்த காலத்தில் நாய் துரத்தினால் சினையாடு கருவை இழக்கவும் கூடும்.

தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்னும் நெறியைக் கடலும் கற்பிக்கிறது. நகரின் வடமேற்கே உள்ளது கிராமண்ட் தீவு. தாழ் ஓதத்தின்போது கரைக்கும் தீவுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நடைபாதை வெளிப்படும். அதன் ஓரத்தில், இரண்டாம் உலகப் போரில் பகைவர் படகுகளைத் தடுக்க நட்ட கற்காரைத் தூண்கள் பற்கள்போல் வரிசையாக நிற்கின்றன. உயர் ஓதம் வந்ததும் பாதை நீரில் மூழ்கிவிடும். கடல்நீர் மிகத் தாழ்ந்திருக்கும் வேளைக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரமே பாதுகாப்பானது. அவ்வேளையும் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றுச் சென்றுவந்த நேரத்தை நம்பி இன்று புறப்படுதல் ஆகாது. பாதையின் தொடக்கத்தில் அன்றைய பாதுகாப்பான நேரம் எழுதப்பட்டுள்ளது. அதைப் படிக்காமல் சென்று தீவில் சிக்கியோரை உயிர்காப்புப் படகினர் பலமுறை மீட்டுள்ளனர். அப்படகினருள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத் தொண்டர்கள். ஒருவரின் கவனக்குறைவு, மற்றொருவரை இரவில் குளிர்ந்த கடலில் இறக்கிவிடுகிறது.

அந்தத் தீவுக்குக் காவலரும் இல்லை; கதவும் இல்லை. இருப்பது ஓர் அறிவிப்புப் பலகை மட்டுமே. எல்லார்க்கும் திறந்திருக்கும் வெளியைக் காக்கும் பொறுப்பும் அங்கு நடக்கும் எல்லாரிடமும் உள்ளது.

சொல்லும் பொருளும்

கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
கற்குழம்பு – நிலத்தின் அடியில் உருகிய பாறை
படிவுப்பாறை – மணலும் சேறும் படிந்து இறுகிய பாறை
ஓதம் – கடல்நீர் உயர்ந்து தாழ்தல்
கற்காரை – சிமெண்டும் சரளையும் கலந்து இறுகிய கட்டுமானப் பொருள்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. ஆர்தர்ஸ் சீட் குன்றின் உயரம் ________ மீட்டர்.
2. சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளர் ________.
3. ஒரு மணிப் பீரங்கி முழங்கத் தொடங்கிய ஆண்டு ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. நேரம் காட்டும் பந்து இருந்தும் பீரங்கி ஏன் தேவைப்பட்டது?
2. கரும்பாறையைவிடப் படிவுப்பாறை பழையது என்று ஹட்டன் எவ்வாறு அறிந்தார்?
3. வாயில்களைக் கண்டபடியே விட்டுச்செல்ல வேண்டும் என்பது ஏன்?

இ. விரிவாக விடை தருக.
பேராசிரியர் பால்ஃபர் மதிலேறிச் சென்றது முறையா? காரணம் காட்டி ஒரு பத்தி எழுதுக.

ஈ. மொழியோடு விளையாடு.
1. கழிமுகம், கரும்பாறை, படிவுப்பாறை: இச்சொற்களைப் பிரித்து எழுதுக.
2. இப்பாடத்தில் வரும் இடங்களைக் குறிஞ்சி, முல்லை, நெய்தல் என வகைப்படுத்துக.

உ. செயல்பாடு
நீங்கள் வாழும் ஊரில் கட்டணமின்றி எல்லாரும் செல்லத்தக்க ஒரு பூங்காவையோ குன்றையோ நீர்நிலையையோ தேர்ந்தெடுங்கள். அது யாருடைய பொறுப்பில் உள்ளது, அங்குச் செல்வோர் எவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பவற்றைக் கேட்டறிந்து ஓர் அறிவிப்புப் பலகை எழுதுங்கள்.