ஐ7-னு எழுதியிருந்தா வாங்கிடலாமா? குறைஞ்ச பட்ஜெட்டில் ஒரு கேமிங் பிசி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரே ஒரு கொட்டேஷனைப் பத்தித்தான் பேசப் போறோம். காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிற தம்பி ஒருத்தர் வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தார். சனி, ஞாயிறு கல்யாண மண்டபங்கள்ல கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு, மொத்தம் 38,000 ரூபாய். மானிட்டர் வீட்டில் இருக்கு. வாலரன்ட் ஆடணும், ஜிடிஏ 5 ஆடணும், அப்படியே கொஞ்சம் வீடியோ எடிட்டிங் கத்துக்கணும். கடையில் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: ஐ7 ப்ராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ், ஆர்ஜிபி கேபினெட். கீழே அவர் கேள்வி: "வாங்கலாமா அண்ணா?"

வேண்டாம் தம்பி. ஏன்னு சொல்றேன்.

அந்தக் காகிதத்தில் இருக்கிற ஒரு வார்த்தை கூட பொய் இல்லை. ஆனா எந்த வார்த்தையும் முழுசா இல்லை. "ஐ7" என்பது ஒரு குடும்பப் பேர் மாதிரி. தாத்தாவும் ஐ7, பேரனும் ஐ7. எந்தத் தலைமுறைன்னு அதுக்குப் பின்னாடி வர்ற நம்பர்தான் சொல்லும். தம்பியை விட்டுக் கடைல முழு மாடல் நம்பர் கேக்கச் சொன்னேன். ஐ7-3770-னு பதில் வந்தது. அது 2012-ல் வந்த சிப். நாலு கோர், எட்டு த்ரெட், டிடிஆர்3 ரேம். 2022 தொடக்கத்தில் வந்த ஐ3-12100-லயும் அதே நாலு கோர், எட்டு த்ரெட்தான், ஆனா பத்து வருஷம் புதுசு. அந்த ஐ3 இந்த ஐ7-ஐ எல்லா வேலையிலும் தூக்கிச் சாப்பிட்டுடும்.

வேகம் மட்டும் பிரச்சினை இல்லை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்ல பொதுவா எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும். குறுக்கு வழியில் பழைய மெஷின்ல போட்டுடலாம்தான். ஆனா விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் இல்லைன்னா வாலரன்ட் திறக்கவே திறக்காது. சரி, விண்டோஸ் 10-லயே இருந்துக்கலாமேன்னா, அதுக்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-லயே முடிஞ்சு போச்சு. எந்த கேமுக்காக வாங்குறாரோ அந்த கேமே நாளைக்கு ஓடுமாங்கிறது சந்தேகம்.

அடுத்தது அந்த "4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு". விசாரிச்சா ஜிடி 730. கார்டுல எத்தனை ஜிபி இருக்குங்கிறதை மட்டும் பார்க்கிறது, மொட்டை மாடியில் எவ்வளவு பெரிய டேங்க் இருக்குன்னு மட்டும் பார்க்கிற மாதிரி. கீழே வர்ற பைப் அரை இன்ச்னா குளிக்கிறவனுக்கு டேங்க் எவ்வளவு பெருசா இருந்தா என்ன? டிடிஆர்3 நினைவகம் போட்ட ஜிடி 730-ல், வகையைப் பொறுத்து விநாடிக்கு சுமார் 14-லிருந்து 29 ஜிபி டேட்டாதான் போக முடியும். பட்ஜெட் கார்டுன்னு பேர் வாங்கின ஆர்எக்ஸ் 6600-ல் அது 224 ஜிபி. இதுலயே இன்னொரு பொறியும் இருக்கு: ஆர்டிஎக்ஸ் 3050-ங்கிற ஒரே பேரில் 8 ஜிபி கார்டும் வருது, 6 ஜிபி கார்டும் வருது. குறையுறது 2 ஜிபி மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. 6 ஜிபில கோரும் குறைவு, பைப்பும் சின்னது. அதனால கார்டோட முழுப் பேரை எழுதி வாங்குங்க.

அப்போ 38,000-க்கு என்ன பண்றது? கேமிங் பிசிக்கு நான் வச்சிருக்கிற கணக்கு, மானிட்டரைத் தவிர்த்து மொத்த பட்ஜெட்ல 35-லிருந்து 40 சதவீதம் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகணும். அறுபதாயிரம் கைல இருந்தா யோசிக்கவே வேணாம், ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600 வகைக் கார்டு, முடிஞ்சது. 38,000-ல் அந்தக் கணக்கைப் பிடிச்சா மத்த எல்லாத்துலயும் கை வைக்கணும். அதனால தம்பிக்கு நான் சொன்னது: இப்போதைக்கு கார்டே வாங்காதே.

ரைசன் 5 5600ஜி எடுத்துக்க. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், உள்ளேயே வேகா கிராஃபிக்ஸ் இருக்கு, பெட்டியிலேயே கூலரும் வரும். செட்டிங்ஸைக் குறைச்சு வச்சா 1080பி-யில் வாலரன்ட் 60 எஃப்பிஎஸ்-ஐத் தாண்டி வசதியா ஓடும். ஜிடிஏ 5-ம் ஆடலாம். ஒரு வருஷம் கழிச்சுக் காசு சேர்ந்ததும் கார்டை வாங்கிச் சொருகிக்கலாம். இதுல ஒரு விட்டுக்கொடுப்பு உண்டு, மறைக்க மாட்டேன்: 5600ஜி-ல எல்3 கேஷ் 16 எம்பி, சாதா 5600-ல் 32 எம்பி. கார்டு போட்டப்புறம் சாதா 5600 கொஞ்சம் முன்னாடி போகும். பரவாயில்லை. போர்டு பி450 அல்லது பி550. பழைய ஸ்டாக்கா இருந்தா பயாஸ் அப்டேட் பண்ணிக் கொடுக்கச் சொல்லுங்க.

கார்டு இல்லாத மெஷின்ல ரேம்தான் வீடியோ மெமரி. அதனால 16 ஜிபி ஒத்தை ஸ்டிக் வேண்டாம், 8 ஜிபி ரெண்டு. டிடிஆர்4-3200 ஸ்டிக் ஒண்ணுக்கு விநாடிக்கு 25.6 ஜிபி, ரெண்டு சேனல்ல போட்டா 51.2. வேகா மாதிரி கிராஃபிக்ஸுக்கு இது எஃப்பிஎஸ்-லயே நல்லாத் தெரியும். ரேம் விலை மட்டும் வயித்தெரிச்சல். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரியை வாரிக்கிட்டுப் போறதால விலை ஏறிக் கிடக்கு. அதனால போன வருஷ யூடியூப் வீடியோல சொன்ன விலையைக் காட்டிக் கடைக்காரர்கிட்ட சண்டை போடாதீங்க, அவர் மேல தப்பில்லை.

இப்போ எஸ்எம்பிஎஸ். என்னைக் கேட்டா இந்த எபிசோடே இதுக்காகத்தான். எல்லாரும் கடைசியா பார்க்கிற சாமான், காசு பத்தலைன்னா முதல்ல குறைக்கிற சாமான். எரிஞ்சா தனியா போகாம மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கிட்டுப் போகக்கூடிய சாமானும் இதுதான்.

"500 வாட்"னு வெளியே பெருசா எழுதியிருக்கும், அதைப் பார்க்காதீங்க. பக்கவாட்டில் ஒரு சின்ன அட்டவணை ஒட்டியிருப்பாங்க. அதுல +12வி-ங்கிற கட்டத்துக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு பாருங்க. இன்னிக்கு பிசியில ப்ராசசர், கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டுமே அந்த 12 வோல்ட்லதான் ஓடுது. ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்க. 36 ஆம்பியர்னா 432 வாட், நல்ல 450 வாட் யூனிட் இப்படித்தான் இருக்கும். 16 ஆம்பியர்னா 192 வாட். மேலே 500-னு எழுதியிருந்தாலும் உங்களுக்கு உதவப் போறது அந்த 192தான்.

நாளைக்கு ஆர்எக்ஸ் 6600 போடுறோம்னு வைங்க. கார்டுக்கு 132 வாட், ப்ராசசர் முழு வேகத்தில் ஓடினா சுமார் 90, போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாத்துக்கும் ஒரு 50. கிட்டத்தட்ட 270. கார்டு சில மில்லிசெகண்டுகளுக்கு அதுக்கும் மேல இழுக்கும். 192-ஐ வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? கேம் சூடு பிடிக்கிற நேரத்தில் மெஷின் பட்டுனு அணைஞ்சா அது நல்ல காலம். ஓவர்லோடு ஆனா தன்னையே அணைச்சுக்கிற பாதுகாப்பு சர்க்யூட் மலிவான யூனிட்கள்ல பலதுல இருக்காது. இந்தக் கார்டுக்கு ஏஎம்டியே 450 வாட் சப்ளை கேக்குது. அதனால பேர் தெரிஞ்ச பிராண்டுல 450 அல்லது 550 வாட், வாரண்டி எத்தனை வருஷம்னு பார்த்து வாங்குங்க.

80 பிளஸ் முத்திரையைப் பத்தியும் கேக்குறாங்க. அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமப் பயன்படுத்துதுன்னு மட்டும்தான் சொல்லும். அந்தச் சோதனை நடக்கிறதும் 23 டிகிரி அறையில. மே மாசத்துல ஏசி இல்லாத நம்ம ஹால் எத்தனை டிகிரின்னு உங்களுக்கே தெரியும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தா அது சைன் வேவா, ஸ்கொயர் வேவான்னும் பார்த்துக்கங்க. ஸ்கொயர் வேவ்ல சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் கரண்ட் மாறும்போது முரண்டு பிடிக்கும்.

கேபினெட்டுக்கு ரெண்டே வரி. முன்னாடி கண்ணாடி இருக்கிறதை விட்டுட்டு மெஷ் வச்சதை வாங்குங்க. லைட் எரியுறதால எஃப்பிஎஸ் ஏறாது.

கடைசியா பில். "பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறைச்சுக்கலாம் ப்ரோ"ன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு பில்லையே கேளுங்க, வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். ஒவ்வொரு சாமானோட முழு மாடல் பேரும் சீரியல் நம்பரும் அதுல இருக்கணும். அசெம்பிள் முடிஞ்சதும் கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கம் பாருங்க. ரெண்டு ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கணும், வேகம் 3200 காட்டணும். 2133, 2666-னு காட்டினா பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ணச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷ வேலை. நாலு ஸ்லாட் போர்டுன்னா ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் ரேம் இருக்கான்னு எட்டிப் பார்த்துடுங்க. பெட்டிகளைக் கடையிலேயே விட்டுட்டு வராதீங்க.