மீன் தொட்டிக்கு இரண்டு டைமர்

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் பிரிவு மாணவர் ஒருவர்)

"டேய், கரன்ட்டுக்குத்தானே படிக்கிறே? இந்தத் தொட்டி லைட்டு தானா எரிஞ்சு தானா அணையற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுடா" என்றார் சித்தப்பா. முதலாம் ஆண்டு விடுமுறை அது. மூன்றடித் தொட்டி. மூடியில் இரண்டு டியூப் லைட், பக்கத்தில் ஏர் பம்ப், ஃபில்டர். எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில். ஒரு டைமர் வாங்கி, போர்டின் பிளக்கையே அதில் சொருகிவிட்டேன். காலை 10-க்கு ஆன், இரவு 8-க்கு ஆஃப். ஐந்து நிமிட வேலை!

மறுநாள் காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு கோல்ட் ஃபிஷ் மல்லாந்து கிடந்தன. லைட்டோடு ஏர் பம்பும் இரவு முழுக்க நின்றிருக்கிறது. தொட்டிச் செடி வெளிச்சத்தில்தான் ஆக்ஸிஜன் விடும். இருட்டில் அதுவும் மீனோடு போட்டி போட்டு ஆக்ஸிஜனை இழுக்கும். பம்ப் ரொம்பத் தேவைப்படுகிற நேரம் பார்த்து நிறுத்தியிருக்கிறேன். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. சித்திதான் "படிக்கிற புள்ள" என்றார்.

ஆகவே நண்பர்களே, போர்டுக்குள் வரும் ஃபேஸை முதலில் மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று நேராகப் பம்ப், ஃபில்டர் சாக்கெட்டுக்கு. அதில் டைமரே கூடாது. மற்ற இரண்டும் ஆளுக்கொரு டைமர் வழியாக ஒவ்வொரு விளக்குக்கு. மூடிக்குள் இரண்டு சோக்கும் ஒரே வயரில் சேர்ந்திருந்தால் பிரித்துத் தனித்தனி வயர் கொடுக்க வேண்டும்.

விளக்குக்கு எதற்கு இரண்டு டைமர் என்பீர்கள். கும்மிருட்டில் பளிச்சென்று இரண்டும் எரிந்தால் மீன் மிரண்டு கண்ணாடியில் மோதும். முழு வெளிச்சத்தை நாள் முழுக்க விட்டால் பாசி பிடிக்கும். ஒரு விளக்கு முன்னால் எரிந்து கடைசியில் அணைய, மற்றது நடுவில் நாலு மணி நேரம் மட்டும் எரிந்தால் இரண்டு தொல்லையும் குறையும்.

டைமர் வாங்கும்போது ஒரு கணக்கு. 18 வாட் டியூப்புக்கு 18-ஐ 230-ஆல் வகுத்து 0.08 ஆம்பியர் என்று போடாதீர்கள். காப்பர் சோக்கோடு அது சுமார் 0.37 ஆம்பியர் இழுக்கும். பவர் ஃபேக்டர் அவ்வளவு மோசம்! டைமரில் பெரிதாக அச்சடித்திருக்கும் 16 ஆம்பியர், ஹீட்டர் மாதிரி ரெஸிஸ்டிவ் லோடுக்கு. சோக்குக்கு அதைவிடக் குறைவுதான். எல்.இ.டி. விளக்கு ஓடும்போது சாது. ஆனால் ஆன் ஆகிற கணத்தில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பல மடங்கு கரன்ட்டை உறிஞ்சும். சின்ன ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். பிறகு விளக்கு அணையவே அணையாது.

"555 ஐ.சி. போட்டு நாமே செய்யலாமே" என்று ஒரு நண்பன் கேட்டான். பத்து மணி நேரத் தாமதத்துக்குப் பெரிய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் வேண்டும். அதன் லீக்கேஜே கணக்கைக் கெடுத்துவிடும். லேபோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உயிர் விஷயம் இனிதான். டைமரின் காண்டாக்ட் ஃபேஸில்தான் வரவேண்டும். நியூட்ரலில் வந்தால் விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் ஃபேஸ் உட்கார்ந்திருக்கும், உங்கள் கை தண்ணீரில் இருக்கும். சரியாகவே மாட்டியிருந்தாலும் டைமர் ஆஃப் என்பதை நம்பிக் கை விடாதீர்கள். அது எந்த நிமிடமும் ஆன் ஆகலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., எர்த் இரண்டும் கட்டாயம். வயர் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

நான் போட்டது முள் சுற்றும் மெக்கானிக்கல் டைமர். சுற்றிலும் 96 பின். ஒரு பின் 15 நிமிடம். மலிவு. ஆனால் கரன்ட் போனால் கடிகாரமும் நிற்கும். இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால் விளக்கும் இரண்டு மணி தள்ளித்தான் எரியும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு இந்தக் கவலை இல்லை, விலைதான் கூட.

சித்தப்பா தொட்டியில் இப்போது பின்விளக்கு 10 முதல் 6 வரை, முன்விளக்கு 12 முதல் 4 வரை. பம்ப் நிற்பதே இல்லை. கரன்ட் போய் வந்த அன்று மட்டும் சித்தி போன் பண்ணுவார்: "டேய், வந்து முள்ளத் திருப்பிட்டுப் போ."