குடிக்காதவருக்கும் கல்லீரல் கெடுமா?

இளம் அறிவியல் (விலங்கியல்), மூன்றாம் ஆண்டு

கல்லீரல் கெட்டுவிட்டது என்றாலே, "குடிப்பழக்கம் போலும்!" என்று முடிவு கட்டுவது நம்மிடையே வழக்கம். ஒரு சொட்டு மதுவும் அருந்தாதவர்கூட இப்பழிச்சொல்லுக்கு அஞ்சி, இரத்தப் பரிசோதனைத் தாளை மடித்து மறைத்துவிடுகிறார். மறைத்த தாளோடு சிகிச்சைக்குரிய காலமும் மறைந்து போகிறது. எனவே உண்மையை அறிதல் நம் கடமையாகும்.

வயிற்றின் வலப்புற மேற்பகுதியில், விலா எலும்புகளின் காவலில் அமைந்திருப்பது கல்லீரல். ஏறத்தாழ 1.5 கிலோகிராம் எடையுள்ள இதுவே நம் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியது. பித்தநீர் சுரத்தல், சர்க்கரையைச் சேமித்தல், நச்சுப் பொருள்களை முறித்தல் ஆகியன இதன் பணிகளுட் சில. இதன் உயிரணுக்களில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்னும் நொதிகள் உள்ளன. உயிரணுக்கள் ஊறுபடும்போது இவை கசிந்து இரத்தத்தில் மிகுகின்றன. ஆகவே நொதி உயர்வு நோயன்று. நோயை அறிவிக்கும் மணி. காமாலைக் கிருமி, சில மருந்துகள், மது, கொழுப்பு ஆகிய எதுவும் அம்மணியை அடிக்கலாம். அடித்தது எது என்று கண்டறிய வேண்டியவர் மருத்துவரே.

1980ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த லுட்விக் என்பாரும் அவர்தம் குழுவினரும் 20 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களின் கல்லீரல் குடிப்பவரின் கல்லீரலைப் போன்றே பழுதுற்றிருந்தது. ஆனால் அவர்கள் குடிகாரர் அல்லர். பெரும்பாலோர் பருத்த உடலினர்!

இது எங்ஙனம் நிகழ்கிறது? தேவைக்கு மிஞ்சிய மாவுப்பொருளையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அதன் உயிரணுக்களில் 5 விழுக்காட்டிற்கு மேல் கொழுப்பு படிந்தால் அதுவே கொழுப்புக் கல்லீரல். வலி பெரும்பாலும் இராது. நொதிகளின் அளவு சரியாக இருக்கும்போதும் கொழுப்பு இருக்கக்கூடும். சிலருக்கு வீக்கமும், பின் தழும்பும் தோன்றி, இறுதியில் கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்பட்டுவிடும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. கடந்தால் எச்சரிக்கை தேவை. நீரிழிவு உள்ளோர்க்கு இடர் மிகுதி.

ஆறுதலான செய்தி யாதெனில், தொடக்க நிலையில் இது பெரிதும் மீளக்கூடியது. 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு குறையும். 8 கிலோ குறைத்தால் வீக்கமும், பலருக்குத் தழும்பும்கூடத் தணியும். ஆனால் பட்டினி கிடந்து விரைந்து இளைப்பது கல்லீரலுக்குத் தீங்கு. வாரம் அரைக் கிலோ போதும்.

வழியும் எளியதே. தட்டில் சோற்றைக் குறைத்து, காயும் கீரையும் பருப்பும் கூட்டுவோம். புட்டியில் அடைத்த இனிப்புப் பானங்களையும், தேநீர்க் கடையின் வடை, பஜ்ஜியையும் குறைப்போம். வாரத்தில் 5 நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம் விரைந்து நடப்போம். பேருந்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கினாலும் அது நடைதானே! மதுவை அறவே விலக்குவோம். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையோ சூரணமோ உட்கொள்ளாதிருப்போம். மூலிகையாயினும் சில கல்லீரலைத் தாக்கவல்லவை.

2021ஆம் ஆண்டில் இந்திய அரசு இந்நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. நாடே கவனிக்கும் ஒன்றை நாம் நாணத்தால் மறைக்கலாமா? நண்பர்களே, தாளை மடிக்காதீர்கள், மருத்துவரிடம் நீட்டுங்கள். பிறர் தாளைக் கண்டு பழிக்காதீர்கள். அவரோடு சேர்ந்து நடக்கத் தொடங்குங்கள்.