உயிர்ச்சுவடும் ஆய்வுச் சஞ்சிகையும்



மாணவன் எழுதிய விடையை ஆசிரியர் திருத்துகிறார். கற்றுத் தேர்ந்த அறிஞர் எழுதியதைத் திருத்துவார் யார்? அப்பணியைச் செய்வனவே ஆய்வுச் சஞ்சிகைகள்.

பண்டைக்கால உயிர்கள் கல்லிற் பதித்துச் சென்ற தடயங்களை உயிர்ச்சுவடுகள் என்கிறோம். அவற்றை ஆராயும் துறைக்கெனத் தனிச் சஞ்சிகைகள் உள. ஜெர்மனியில் 1846ஆம் ஆண்டிலும், அமெரிக்காவில் 1927ஆம் ஆண்டிலும், பிரித்தானியாவில் 1957ஆம் ஆண்டிலும் அத்தகைய சஞ்சிகைகள் தோன்றின. ஒரு சுவட்டை ஆராய்ந்தவர், அது கிடைத்த இடம், அதன் அளவு, படம், அது பேணப்படும் நூதனசாலை ஆகியவற்றைக் குறித்து எழுதுவார். சஞ்சிகையாசிரியர் அக்கட்டுரையை அத்துறை வல்லுநர் சிலருக்கு அனுப்புவார். அவர்கள் எழுப்பும் ஐயங்கள் தீர்ந்த பின்னரே அது அச்சேறும்.

இத்தனை தாமதம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1999ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று இதற்கு விடை கூறும்.

சீனாவின் லியாவோனிங் மாகாணத்துச் சுவடொன்று அமெரிக்காவில் 80,000 டொலருக்கு விலைபோயிற்று. பறவையின் உடலும் டைனோசரின் வாலும் அதில் ஒருங்கே காணப்பட்டன. அதுபற்றிய கட்டுரையை ‘நேச்சர்’, ‘சயன்ஸ்’ என்னும் இரு சஞ்சிகைகளும் ஏற்கவில்லை. அதிற் கைவேலை கலந்துள்ளதெனச் ‘சயன்ஸ்’ சஞ்சிகையின் மதிப்பீட்டாளர் ஐயுற்றனர். எனினும் ‘நஷனல் ஜியோகிரபிக்’ என்னும் மாத இதழ் பொறுத்திராது, நவம்பர் இதழில் ‘ஆர்க்கியோராப்டர்’ என்ற பெயருடன் அதனை உலகுக்கு அறிவித்தது.

கல்லைப் பிளக்கும்போது சுவடு இரு பலகைகளிலும் பதிந்திருப்பதுண்டு. டிசம்பர் மாதத்தில், சூ சிங் என்னும் சீன அறிஞர் அதே வாலின் மறுபலகையைத் தம் நாட்டிற் கண்டார். அங்கே அவ்வால் வேறொரு சிறு டைனோசரின் உடலுடன் பொருந்தியிருந்தது! வெவ்வேறு உயிர்களின் துண்டுகளை ஒட்டியே முதற்சுவடு ஆக்கப்பட்டிருந்தது. மாத இதழும் தன் பிழையை ஒப்புக்கொண்டது.

வாலுக்குரிய டைனோசர் ‘மைக்ரோராப்டர்’ என்ற பெயருடன் 2000ஆம் ஆண்டில், உரிய பரிசோதனைக்குப் பின், ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. ஒட்டுவேலையை ஊடுகதிர்ப் படங்களால் நிறுவிய கட்டுரையும் 2001இல் அதே சஞ்சிகையில் வந்தது.

மதிப்பீட்டாளரும் மனிதரே, அவர்களும் தவறக்கூடும். ஆயினும் சான்றுகள் யாவும் பலர் பார்வைக்கு வைக்கப்படுவதால், இன்று தப்பிய பிழையை நாளை இன்னொருவர் கண்டு திருத்த இயலும். பல கோடி ஆண்டுகள் கல்லுள் உறங்கிய உண்மைக்காக நாம் சில மாதங்கள் பொறுத்திருத்தல் தகும் அன்றோ?