நாயைக் காட்டிச் சாதி கேட்கும் வாடகை வீடுகள்

படிப்புக்கோ வேலைக்கோ நகரத்துக்கு வந்து வாடகை வீடு தேடும் நம் ஆட்களுக்கு அந்தக் கேள்விகள் மனப்பாடம். "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா? கவுச்சி சமைப்பீங்களா?" கடைசியாக, "நாய், கோழி எதுவும் வளர்க்கக் கூடாது." சாதியை நேராகக் கேட்டால் வம்பு என்று வீட்டுக்காரருக்கும் தெரியும். அதனால் தெருவையும் குழம்பையும் நாயையும் கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்கிறார்.

நாய் வேண்டாம் என்பதே தீண்டாமை ஆகிவிடாது. தன் வீட்டில் பிராணிகள் வேண்டாம் என்று ஒருவர் நினைக்கலாம். எல்லாரிடமும் அதையே சொன்னால் நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பக்கத்து போர்ஷனில் லேப்ரடார் சோபாவில் படுத்திருக்கும்போது, நம் நாட்டு நாயால் மட்டும் வீடு அசுத்தமாகிவிடும் என்றால் அது நாயைப் பற்றிய பேச்சு இல்லை.

இந்த முடிச்சு பழையது. சண்டாளர்கள் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், நாயும் கழுதையுமே அவர்கள் சொத்து என்று விதித்தது மனுஸ்மிருதி. 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டியவர்களின் கோபம் நாயின் மீதானது இல்லை என்று படம் பார்த்த எல்லாருக்கும் புரிந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு பரோடா அரசுப் பணிக்கு வந்த அம்பேத்கரை, தடியோடு வந்த கூட்டம் பார்சி விடுதியிலிருந்து வெளியேற்றியது. நாய் என்ற சாக்குகூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்கிறது. வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. நாயை அனுப்பச் சொல்லி தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதும் தவறு. காலி செய்யச் சொல்ல சட்டம் சில காரணங்களைப் பட்டியலிடுகிறது. நாய் வளர்ப்பது என்று தனியாக ஒரு காரணம் அதில் இல்லை. ஆனால் பொதுத் தொல்லை, வீட்டுக்குச் சேதம் என்று காட்டி வழக்குப் போட முடியும். ஆகவே, நாய் இருப்பதை மறைக்காமல் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. இந்த ஒரு வரியில் நம் பிள்ளைகள் சோம்பல் காட்டுகிறார்கள். பிறகு முன்பணத்துக்கு அலைகிறார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் தடை போட்டால் கதை வேறு. பெரும்பான்மை முடிவு என்றாலும் சங்கங்கள் வளர்ப்பு நாய்களைத் தடை செய்யக் கூடாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வழிகாட்டியது. அத்தகைய விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

சாதிதான் காரணம் என்றால் வாடகைச் சட்டத்தோடு நிற்க வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. 12ஆம் பிரிவு இன்னும் முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அது தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. பலர் பார்க்கச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும்.

எனவே 'டு லெட்' பலகையைப் படம் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். "போன வாரம் சரின்னு சொன்னீங்களே" என்று பதில் அனுப்பி வையுங்கள். பக்கத்து போர்ஷனில் நாய் இருந்தால் அதையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் நம் நாயைத் தெருவில் விட்டுவிட வேண்டாம். பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.